ஒன்பது நிமிடம் பிந்திய சேதி

நாள் 212, காலை 6.30

மொட்டய்யா, இந்தப் பதிவேட்டில் பம்ப் விவரம் மட்டும்தான் எழுதவேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். உன்னைக் கூப்பிட்டுத் தொடங்கினால்தான் எனக்குக் கை ஓடுகிறது. பெத்த அப்பனை மொட்டை என்கிறாளே என்று பின்னால் படிக்கிறவர்கள் சிரித்தால் சிரிக்கட்டும்.

வியாழனைச் சுற்றும் ஐஸ் நிலவு. தண்ணீர் நிலையம். ஆள் ஒன்று: சீனியம்மாள், எட்டாம் வகுப்பு வரை படித்தவள். பம்ப் ஓடுகிறது. குழாய்ச் சூடு சரி. இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் வெந்நீர் விடாவிட்டால் குழாய் உறைந்துவிடும். விட்டேன். அடுத்த கப்பலுக்கு ஐந்து மாதம்.

ஊரில் நீ படுத்துப் பதினோரு நாள்.

நாள் 213, காலை 8.05

தம்பி பேச்சிமுத்துவின் சேதி வந்தது. ஊரிலிருந்து இங்கே வர நாற்பத்து மூன்று நிமிடம் ஆகும். அவன் சொன்னது:

"யக்கா, அய்யாவுக்கு உசுரு இழுத்துக்கிட்டே கெடக்கு. பாலு ஊத்தியாச்சு. எல்லாரும் ஊத்தியாச்சு. ஒன்னத்தான் தேடுதாரு. வாசலையே பாக்காரு. நீ வந்துட்டேன்னு ஒரு வார்த்த பேசி அனுப்பு. காதுல வச்சுக் கேக்க விடுதோம். நிம்மதியாப் போகட்டும்."

ஊரில் செய்வதுதானே. முத்தையா பெரியப்பாவுக்கு, துபாயில் இருந்த மகன் வந்துவிட்டான் என்று பக்கத்து வீட்டுக்காரனைக் கையைப் பிடிக்க வைத்தார்களே. அப்போது நானும் அங்கேதான் நின்றேன். சரிதான் என்று தலையாட்டினேன்.

நாள் 213, காலை 9.12

ஒரு மணி நேரம் யோசித்தேன். அனுப்பிவிட்டேன்.

"மொட்டய்யா, நான் வந்துட்டேன். ஒன் பக்கத்துலதான் உக்காந்திருக்கேன். வேற ஆருக்கும் காத்துக்கெடக்க வேண்டாம். கண்ண மூடிக்கோ."

அனுப்பியதும் அப்பாடா என்று இருந்தது. அதை மறைக்காமல் எழுதுகிறேன். பன்னிரண்டு நாளாகத் தூக்கமில்லை. எப்படியாவது முடிந்தால் போதும் என்று இருந்தது. உனக்கா, எனக்கா என்று நான் பார்க்கவில்லை.

காலை 9.20

இன்னொரு சேதி. நான் பேசுவதற்கு முன்னாலேயே அங்கேயிருந்து கிளம்பியது.

"யக்கா, சங்கதி கேட்டியா! அய்யா எந்திரிச்சு உக்காந்துட்டாரு! அரைக் கிண்ணம் கஞ்சி குடிச்சாரு. குடிச்சிட்டு, உப்பில்லங்காரு. 'சீனி இருந்தா இப்படிப் போடுவாளா, மூதி'ன்னு எம் பொண்டாட்டிய ஏசுதாரு. அவ சிரிச்சிக்கிட்டே அழுதா. டாக்டரும் இன்னும் கொஞ்ச நாளு ஓடும்னுட்டாரு."

நான் சொன்னது வழியில் போய்க்கொண்டிருக்கிறது. அதைப் பிடிக்க முடியாது. எந்தப் பட்டனிலும் முடியாது. எல்லாவற்றையும் அமுக்கினேன்.

காலை 9.21

அனுப்பினேன்: "ஏலே பேச்சி, மொதல்ல வர்றதப் போடாத. கும்பிடுதேன். அய்யா காதுல வைக்காத."

இது ஒன்பது நிமிடம் பிந்திப் போய்ச் சேரும்.

காலை 10.00

வெந்நீர் விடவில்லை. எழுந்திருக்க முடியவில்லை. தம்பி வயலுக்குப் போயிருக்க வேண்டும். கரண்டு போயிருக்க வேண்டும். எதுவாவது நடந்து அதைப் போடாமல் இருக்க வேண்டும்.

காலை 11.10

"யக்கா... அய்யா போய்ட்டாரு. நல்ல சாவு. சீனி எங்கன்னு கேட்டுக்கிட்டே இருந்தாரு, ஒன் கொரலு வரவும் சந்தோசப்படுவாருன்னு ஒடனே வச்சேன். 'வந்துட்டியா தாயீ'ன்னாரு. கையத் தூக்கி ஒன் தலையத் தடவுற மாதிரி காத்துல தடவுனாரு. சிரிச்சாருக்கா. நீ சொன்ன மாதிரியே கண்ண மூடிட்டாரு. ஊரே ஒன்ன மெச்சுது. புண்ணியம் ஒனக்குத்தான். பெறகு என்னமோ போடாதன்னு ஒரு சேதி வந்துச்சே, அது எதுக்கு?"



நேரம் பார்க்கவில்லை

குழாய் உறைந்துவிட்டது. தட்டினால் கல் மாதிரி இருக்கிறது. பம்ப் நின்றுவிட்டது. சரிசெய்யத் தெரியும். செய்யவில்லை.

நீ சிரித்தாய் என்கிறான். ஊரெல்லாம் என்னை மெச்சுகிறதாம். அந்தச் சிரிப்பைத்தான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன். அது எனக்கு வேண்டும். வேண்டும் என்று நினைக்கவே கூசுகிறது.

நீ என் பேச்சை ஒருநாளும் தட்டினதில்லை. கண்ணை மூடு என்றேன். மூடிவிட்டாய்.

மொட்டய்யா, நான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால், நாளைக் காலையிலும் உப்பில்லை என்று ஏசியிருப்பாயா?