பாலத்தடியில் நிற்கிறவர்கள்

தண்டையார்பேட்டை,
நவம்பர் 9.

அன்பு மகன் மஹீனுக்கு அம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அந்தக் குளிர் தேசத்தில் நீ சுகமாய் இருக்க துஆ கேட்கிறேன். இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், உன் தம்பி ரோஷனின் முழங்கைக் காயம் அப்படி எழுத விடவில்லை. போனில் சொன்னால் பக்கத்தில் இருந்து பிடுங்கிக்கொள்வான், அதனால்தான் கடிதம்.

மழை பிடித்துப் பத்து நாளாகிறது, கடையில் தார்ப்பாய் வியாபாரம் நன்றாகத்தான் ஓடுகிறது, ஆனால் ஒவ்வொரு தூறலுக்கும் வாசலில் போய் நின்று சாலையைப் பார்க்கிறேன். மழையில் எண்ணூர் சாலையில் வண்டிகள் எப்படிப் போகும் என்று கம்ப்யூட்டருக்குள் ஓட்டிப் பார்த்து ரோஷனுக்கு ஒரு படம் அனுப்பினாய் அல்லவா, பெருமழையில் பைக்குகள் பாதியாகக் குறைந்து சாலை காலியாவதாக அதில் இருக்கிறதாம். மழை விட்டதும் போடா என்றால், "அண்ணன் கம்ப்யூட்டரே சொல்லுது, மழைலதான் ரோடு காலியா கீதாம், நீ இன்னாம்மா பேஜாரு பண்ற" என்று பைக்கை எடுத்துக்கொண்டு அத்திப்பட்டுக்கு வேலைக்குக் கிளம்பிவிடுகிறான். போன செவ்வாய்க்கிழமை எர்ணாவூர் மேம்பாலத்தைத் தாண்டியதும் தண்ணீருக்குள் பள்ளம் தெரியாமல் கன்டெய்னர் டிரெய்லருக்கு முன்னால் விழுந்திருக்கிறான். வீட்டுக்கு வந்து ஆபீஸ் படியில் வழுக்கியது என்றான். அந்த டிரெய்லரை ஓட்டிய மணி நம் கடையில் வாடிக்கை, அவர் சொல்லித்தான் தெரியும். "வூட்ல சொல்ட்டு வந்துட்டியா நைனான்னு திட்டலாம்னு எறங்கினேன், பாத்தா உன் புள்ள. ரெண்டு மொழம்தான்க்கா கேப்பு" என்றார்.

உன் கம்ப்யூட்டர் எனக்குத் தெரியாது, அந்தப் பாலம் தெரியும். அதன் அடியில் மழைக்கோட்டு கூவி விற்றுத்தான் இந்தக் கடையை வைத்தேன். சாலைக் கேமராவில் பைக்குகள் குறைந்ததைப் பார்த்து, ஓட்டுகிறவர்கள் வீட்டிலேயே இருந்துவிட்டதாக நீ போட்டிருக்கிறாய். வீட்டில் இல்லையடா, மழை விடட்டும் என்று பாலத்தடியில் மூன்று வரிசையாக நிற்கிறார்கள். பள்ளம் தெரிந்தவன் எல்லாம் ஒதுங்கியதால்தான் சாலை காலி. இந்த மாதம் இந்த ஆய்வின் அறிக்கையைக் கொடுக்கப்போவதாகச் சொன்னாய், அதற்குள் திருத்து, இல்லாவிட்டால் இன்னொரு வீட்டுப் பிள்ளையும் அதை நம்பிக் கிளம்பும்.

நான் சொன்னால் ரோஷன் சிரிக்கிறான், நீ சொன்னால் கேட்பான். 'தப்பு என்னுடையது' என்று அவனிடம் நீயே சொல், அதில் கௌரவம் பார்க்காதே. மணி சொன்னது மட்டும் வெளியே வரவேண்டாம். குளிரில் காதை மூடிக்கொண்டு போ, வேளைக்குச் சாப்பிடு. அல்லாஹ் உங்கள் இருவரையும் காக்கட்டும். மறக்காதே, பாலத்தடியில் நிற்கிறவர்களைக் கம்ப்யூட்டரில் சேர்க்கும்போது முதல் ஆளாக உன் தம்பியை நிறுத்து.

இப்படிக்கு,
மழை விடக் காத்திருக்கும்
உன் அம்மா உமைமா