ஜனாதிபதியின் மேசைமேல் என் கண்ணாடி

பெருமதிப்பிற்குரிய என் கணவருக்கு,

நான் நலம். இரத்த அழுத்த மாத்திரையை நீங்கள்தானே விழுங்குகிறீர்கள், பூந்தொட்டிக்குப் போடவில்லையே?

ஒரு வேடிக்கையைச் சொல்கிறேன்; பதற வேண்டாம். முன்னாள் ஜனாதிபதியின் இந்த நினைவில்லத்தில் பொருள்களுக்குப் பட்டியல் எழுதும்போது, என் மூக்குக்கண்ணாடியை அவருடைய எழுதுமேசையிலேயே மறந்து வைத்துவிட்டேன். மறுநாள் வழிகாட்டி பார்வையாளர்களிடம் உருகிக்கொண்டிருந்தார்: “இந்தக் கண்ணாடியப் போட்டுக்கிட்டுதான் ஐயா ராப்பகலா கோப்பு பார்த்தாரு!” ஓர் அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கூட்டம் கலைந்ததும், “அது என்னோடதுங்க” என்றேன்.

“ஐயையோ! மேசைமேல இருக்கறத அறைக்கு வெளிய எடுத்துட்டுப் போகணும்னா மேலிடத்து உத்தரவு வேணுமேம்மா. அந்த விதிய எழுதினதே நீங்கதானே!”

நான்தான். உத்தரவு வர ஒரு மாதமாகும். இதற்கிடையே வந்த உங்கள் கடிதம் நான்கு நாள் பிரிக்காமல் கிடந்தது. பிறரைப் படிக்கச் சொல்ல மனம் ஒப்பவில்லை. கண்ணாடி அந்த அறையைவிட்டு வெளியேறக் கூடாது, ஆனால் கடிதம் உள்ளே போகலாம். ஆகவே இன்று பார்வையாளர்கள் போனபின், காவலாளியின் தயவில் அந்த மேசையருகே நின்று, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தேன். பழக்கத்தில் இரண்டு கோப்பை தேநீர் போட்டு இரண்டையும் நீங்களே குடிப்பதாக எழுதிய வரியை மும்முறை படிக்க நேர்ந்தது. காட்சிப்பொருளைத் துடைக்கக் கூடாதென்றும் நானே விதி எழுதியிருக்கிறேன். கண்ணாடி மங்கலாக இருந்தது.

அலமாரியின் இரண்டாம் இழுப்பறையிலுள்ள என் பழைய கண்ணாடியை அனுப்புங்கள். அதுவரை கடைப் பெயர்ப்பலகைபோல் பெரிதாக எழுதுங்கள், நீளமாகவும்.

இதையும் இங்கே நின்றுதான் எழுதுகிறேன். காவலாளி சாவிக்கொத்தைக் குலுக்குகிறார். தேநீர்ப் பழக்கத்தை மாற்ற வேண்டாம். இரண்டாவது கோப்பையில் மட்டும் சர்க்கரையைக் குறையுங்கள்.

தங்கள் மனைவி