தண்ணீர் காட்டிய கை

ராச்செஸ்டர்,
பிப்ரவரி 11

அன்புள்ள ரெனாட்டோ,

நானும் அப்பாவும் ஏரிக்காற்றோடு மல்லுக்கட்டிக்கொண்டு ஏதோ நடமாடுகிறோம், பெர்த் வெயிலில் நீயும் மருமகளும் குழந்தையும் நோய்நொடி இல்லாமல் இருந்தால் அதுவே எங்களுக்குப் போதும். வாசலில் இடுப்பளவு பனி, மண்வெட்டியைத் தொட்டாலே அப்பாவுக்கு முதுகு பிடித்துக்கொள்கிறது, ஆனாலும் பக்கத்து வீட்டில் பனி தள்ளும் இயந்திரத்தைக் கேட்கமாட்டார், அத்தனை வீம்பு. போனில் சொல்ல வாய் வராத ஒன்றை இன்று எழுதுகிறேன்.

என்னோடு பல்கலைக்கழக லேசர் அறையில் பதினெட்டு வருஷம் வேலை பார்த்த காஸிமிர் போன மாதம் இறந்தது உனக்குத் தெரியும். நாற்காலியில் இருந்தபடியே பட்டென்று உயிர் போய்விட்டது, நான் பக்கத்தில்தான் இருந்தேன் என்று உன்னிடமும் அவன் மனைவி இரேனாவிடமும் சொன்னேன். அது பொய். லேசர் ஓடும்போது அறையில் இரண்டு பேர் இருக்க வேண்டும், வந்த நேரமும் போகும் நேரமும் ஏட்டில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். கொஞ்ச நேரம் வெளியே போக வேண்டுமென்றால் மாலைக் கையெழுத்தை முன்கூட்டியே போட்டுவிட்டு நழுவுவது எங்கள் இருவருக்கும் பழக்கம். அன்று நாலு மணிக்கு, ஐந்தரை என்று எழுதிவிட்டு உனக்குப் பார்சல் போடப் போனேன். "போயிட்டு வா மார்செல்லா, லேசர் என்னைக் கடிச்சா தின்னுடப் போகுது" என்றான். நான் திரும்பியபோது அவன் கண் திறந்தபடி நாற்காலியில் சாய்ந்திருந்தான், இயந்திரம் தன்பாட்டுக்கு உலோகத் தகட்டில் கோடு போட்டுக்கொண்டிருந்தது.

முடியைவிட மெல்லிய கோடுகள் அவை. கோடு போட்ட புதிதில் தகடு தண்ணீரைக் குடிக்கும், மூன்று வாரம் காற்றில் கிடந்தால் ஒரு சொட்டும் ஒட்டாமல் உருண்டோடும். வெறுங்கை அழுத்திப் பட்டால் கோடுகள் நசுங்கி அந்த இடத்தில் மட்டும் தண்ணீர் ஒட்டும், ஆனால் வெறும் பார்வைக்குத் தெரியாது. அதனால்தான் புது மாணவர்களிடம் காஸிமிர், "உறை மாட்டாம தொட்டா விரலை வெட்டிருவேன், எனக்கு ஏற்கெனவே ஒண்ணு குறைச்சல்" என்பான். லென்ஸ் தேய்க்கும் தொழிற்சாலையில் இடக்கை மோதிர விரலைப் பாதி இழந்தவன் அவன்.

அவன் இறந்த அன்று காலையில் கோடு போட்டு, சுவர்ப் போனுக்குக் கீழே மேசையில் வைத்திருந்த பெரிய தகட்டை இந்த வாரம் சோதித்தேன். தண்ணீர் ஊற்றியதும் எல்லாம் முத்து முத்தாக ஓடிப்போயிற்று, நடுவில் மட்டும் நின்றது. நின்றது ஒரு கை, ரெனாட்டோ. மோதிர விரல் பாதிதான். விரல் நுனிகள் சுவர்ப் போனை நோக்கி இழுபட்டிருந்தன. நான் குனிந்ததும் என் மூச்சுப் பட்டு அந்த விரல்கள் அசைந்தன. துடைத்துவிட்டு ஊற்றினேன், மறுபடி வந்தது. பேராசிரியர் எட்டிப் பார்த்து, "யாரோ தொட்டுட்டாங்க, மேலயே இன்னொரு தடவை லேசரை ஓட்டிடுங்க" என்று போய்விட்டார். ஓட்டியிருந்தால் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. என்னால் முடியவில்லை.

இன்று பூசை முடிந்ததும் தகட்டை எடுத்துக்கொண்டு இரேனா வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அழவில்லை, ஏசவில்லை, குவளையில் தண்ணீர் கொண்டுவந்து தானே ஊற்றிப் பார்த்தாள். "போனு எவ்வளவு தூரத்துல இருந்துச்சு?" என்று கேட்டாள். ஒரு சாண் என்றேன். "இது இங்கேயே இருக்கட்டும், நீ கிளம்பு" என்று கதவைத் திறந்து பிடித்தாள்.

நாளை ஏட்டில் ஐந்தரையை அடித்து நாலு என்று எழுதப் போகிறேன். வேலை போகும், அப்பாவிடம் சொல்லிவிட்டேன். பார்சலை நினைத்து நீ மருகாதே, நடந்து போனது என் கால். உங்கள் மூவரையும் தேவமாதா காக்கட்டும். குழந்தையைக் கடற்கரையில் தனியே விடாதே, ஒரு நிமிஷம்தானே என்று நினைக்காதே.

உன் அம்மா,
மார்செல்லா