பதினைந்தாவது ஆள்

ஹெக்லண்ட், வடக்கு டகோட்டா
ஜனவரி 8, 2024

கிறிஸ்துவுக்குள் அன்பான லவோனுக்கு,

ஆர்டிஸ் எழுதுவது. உன் கோபம் சௌக்கியமா? நீயும் சௌக்கியமாக இருக்க ஜெபிக்கிறேன். போன் செய்தால் எடுக்க மாட்டாய் என்பதால் தபால்தலை வாங்கினேன்.

சபைச் செயலாளராக ஒரு விஷயம் தெரிவிக்க வேண்டும். நம் சபையை மூடிவிட நேற்று கூட்டம் போட்டோம். மூட முடியவில்லை, ஆள் போதவில்லை. 1908இல் நம் முன்னோர்கள் எழுதிய சட்டப்படி, பதினைந்து அங்கத்தினர் கோவிலுக்குள் வந்து உட்கார்ந்தால்தான் ஓட்டே எடுக்கலாம். நாங்கள் பதினான்கு பேர். பெயரேட்டில் இன்னும் இரண்டு பேர் உண்டு. ஒருவர் முதியோர் இல்லத்தில் தன் பெயரையே மறந்துவிட்ட எல்மர். இன்னொருத்தி ஃபார்கோவில் எதையுமே மறக்காத நீ.

கர்த்தர் வருவதற்கு இரண்டு மூன்று பேர் கூடினால் போதும். நாங்கள் கலைந்து போகப் பதினைந்து பேர் வேண்டுமாம்!

எல்மரைத் தூக்கி வரலாம் என்றார் சபைத் தலைவர் ஆர்வில். "சக்கர நாற்காலியோட தள்ளிட்டு வந்து நிறுத்துனா போச்சு. உக்காரணும்னுதானே போட்டிருக்கு, முழிச்சிருக்கணும்னு போடலையே!"

"முழிச்சிருக்கணும்னு போட்டிருந்தா என் பிரசங்கத்துல ஒருத்தருமே தேற மாட்டீங்க" என்றார் ஆயர் காலின். நான்கு ஊர்ச் சபைகளுக்கு அவர் ஒருவர்தான் ஆயர். பாவம், பாதிப் பிரசங்கத்தைக் காரிலேயே தயாரிக்கிறார். இல்லத்து நர்ஸ், இந்தக் குளிரில் எல்மரை அனுப்ப முடியாது என்றுவிட்டாள்.

பிப்ரவரி 11, ஆராதனை முடிந்ததும் மறுபடி கூட்டம். வந்துவிடு.

அன்புடன்,
ஆர்டிஸ்


ஃபார்கோ
ஜனவரி 16

ஆர்டிஸுக்கு,

வர மாட்டேன். நான் வராதவரை நீங்கள் மூட முடியாது அல்லவா? ஒன்பது வருடமாக நான் சபைக்கு வராததைக் குறை சொன்னீர்களே, இப்போது பார், நான் வராததால்தான் சபையே நிற்கிறது. உங்கள் பதினான்கு பேரில் யார் இவ்வளவு ஊழியம் செய்திருக்கிறீர்கள்?

நான் ஞானஸ்நானம் பெற்ற இடம் அது. என் கணவர் நார்மனை அடக்கம் செய்த இடம். அது திறந்திருக்கிறது என்ற நினைப்பு எனக்கு வேண்டும். இங்கே நான் போகும் பெரிய சபை நன்றாகத்தான் இருக்கிறது. பாட்டின்போது மெஷின் வைத்து மேடையில் புகை விடுகிறார்கள், மோசேக்குக்கூட அவ்வளவு புகை கிடைத்திருக்காது.

அடக்கம் என்றதும் இன்னொன்று. முப்பத்தொரு அடக்க விருந்துக்கு என் கையால் பன் சுட்டவள் நான். என் நார்மனின் விருந்தில் நீ கடைப் பன்னை, அதுவும் பிளாஸ்டிக் பையோடு, மேசையில் வைத்தாய். நம் ஊரில் யாருடைய சாவுக்காவது அப்படி நடந்ததுண்டா?

லவோன்


ஹெக்லண்ட்
ஜனவரி 22

அடி லவோன்,

அன்று சமையலறைப் பக்கம் எட்டிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். உள்ளே நான் ஒருத்திதான் இருந்தேன். பெர்னிஸுக்கு இடுப்பெலும்பு முறிந்திருந்தது. நம்மோடு பன் சுட்ட மற்றவர்கள் எல்லோரும் அதற்குள் கல்லறைக்குப் போய்விட்டார்கள். நார்மனுக்காக வந்தவர்கள் நூற்றிருபது பேர். கணவனை இழந்து அழுகிறவளிடம் வந்து, எனக்குக் கை வலிக்கிறது என்று சொல்ல முடியுமா? தப்புதான். மறுநாளாவது சொல்லியிருக்க வேண்டும். நீ முகத்தைத் திருப்பிக்கொண்டதும் எனக்கும் வீம்பு வந்துவிட்டது.

உன் நினைப்புக்குச் சபை திறந்திருக்க வேண்டும், சரி. கதவுக்கு முன்னால் பனி அள்ளுவது யார்? நான். ஆர்கன் வாசிப்பதும் நான், கழிவறை கழுவுவதும் நான். எழுபத்தாறு வயதாகிறது, லவோன். என்னால் முடியவில்லை.

போன ஞாயிறு ஆயர், எல்லோரையும் சீஷராக்குங்கள் என்று மேசையைத் தட்டிப் பேசினார். "ஆயரே, சீஷர் இருக்கட்டும், மொதல்ல நின்னு நின்னு போற அந்த ஹீட்டரை யாராவது ஆளாக்குங்க" என்றார் ஆர்வில். விழுந்து விழுந்து சிரித்தோம். வீட்டுக்கு வந்து யோசித்தேன். நாங்கள் கடைசியாக ஒருவரை "சபைக்கு வாங்க" என்று அழைத்தது எப்போது? நினைவுக்கு வந்தது நீதான். அதுவும் மூடுவதற்கு.

ஆர்டிஸ்


ஃபார்கோ
ஜனவரி 30

அன்புள்ள ஆர்டிஸ்,

கடிதத்தை நான்கு முறை படித்தேன். சமையலறைக்குள் நான் வந்திருக்க வேண்டும். மன்னித்துக்கொள்.

நானும் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். பெரிய சபைக்குப் போகிறேன் என்றது பொய். இரண்டு முறைதான் போனேன். பிறகெல்லாம் கம்ப்யூட்டரில், இரவு உடையோடு. பிரசங்கம் நீண்டால் ஆயரை அப்படியே நிறுத்தி வைத்துவிட்டுப் பாத்திரம் கழுவுவேன்.

11ஆம் தேதி வருகிறேன். ஆனால் மூடக் கூடாது என்றுதான் என் ஓட்டு. சந்தோஷப்படாதே.

லவோன்


ஃபார்கோ
பிப்ரவரி 13

அடி பாவி ஆர்டிஸ்,

எட்டுக்கு ஏழு! மூடலாம் என்று உயர்ந்த அந்த எட்டாவது கை என்னுடையது. அதைத் தூக்கிவிட்டு உன்னைத் திரும்பிப் பார்க்கிறேன், நீ இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாய்!

மூடக் கூடாது என்று சொல்லத்தான் மூன்று மணி நேரம் கார் ஓட்டி வந்தேன். சீக்கிரமே வந்துவிட்டேன். கழிவறைக் கதவு திறந்திருந்தது. நீ ஞாயிற்றுக்கிழமை உடையோடு, முழங்கைவரை ரப்பர் உறை மாட்டி, முட்டி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாய். எழுந்திருக்கத் தொட்டியைப் பிடித்துக்கொண்டு மூன்று முறை முயன்றாய். நான் சத்தம் போடாமல் திரும்பிவிட்டேன். பிறகு ஆராதனையிலும் பார்த்தேன். திருவிருந்து வாங்கும்போதுகூட உன் கண் ஹீட்டரின் மேல்தான். அதற்குப் பிறகு எனக்கு மனசு கேட்கவில்லை.

உனக்காகத்தானே தூக்கினேன்! இன்றிலிருந்து ஆராதனை கிடையாது என்று ஆர்வில் சொன்னபோது எனக்கு அழுகை தாங்கவில்லை. நீ ஏன் தூக்கவில்லை? பதில் எழுது. இல்லை, போன் செய். எடுக்கிறேன்.

லவோன்


ஹெக்லண்ட்
பிப்ரவரி 19

பிரியமான லவோனுக்கு,

போனில் சொன்னால் அழுதுவிடுவேன், அதனால் எழுதுகிறேன். நான் கை தூக்காததற்குப் பெரிய காரணம் ஒன்றுமில்லை. நான் ஆர்கன் வாசிக்க, நீ என் பக்கத்தில் உட்கார்ந்து பாடினாய், வழக்கம்போல் சுருதி தப்பி. கையைத் தூக்கத்தான் நினைத்தேன். வரவில்லை.

சபையை மூடிய பிறகு நேற்றுதான் முதல் ஞாயிறு. ஐந்து மணிக்கே எழுந்து, காலணி மாட்டி, மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போன பிறகுதான் எங்கும் போக வேண்டியதில்லை என்று உறைத்தது. திரும்பி வந்து மேசையில் வேதாகமத்தைத் திறந்தேன். ஐம்பது வருடமாகச் சபைக்கு ஒரு குறையும் வராமல் பார்த்துக்கொண்டவள், எந்தப் பக்கத்தில் ஆரம்பிப்பது என்று தெரியாமல் விழித்தேன். சரி, ஜெபமாவது செய்யலாம் என்று கண்ணை மூடினேன். என்ன சொன்னேன் தெரியுமா? "நான் ஆர்டிஸ், ஹெக்லண்ட்ல இருந்து பேசறேன்" என்றேன். எழுபத்தாறு வயதில் அவரிடம் போய் அறிமுகப்படுத்திக்கொள்கிறேன், லவோன்!

சிரித்தேன். பிறகு பயமாக இருந்தது.

வருகிற ஞாயிறு காலை பத்து மணிக்கு வருகிறாயா? ஆயர் இல்லை, ஆர்கன் இல்லை, என் சமையலறை மேசைதான். எனக்கு ஒன்றும் தெரியாது, உனக்கும் தெரியாது. வா, படிக்கலாம்.

உன்
ஆர்டிஸ்