மஸ்கட் மூன்று மணி நேரம்

என் கண்ணே எஸ்தர்,

உன்னை அடக்கம் செய்து ஏழு மாதம் ஆகிறது. லிங்கராஜபுரத்தில் மழை பிடித்துக்கொண்டது. உன் வீட்டுச் சாவி என்னிடம்தான் இருக்கிறது. டேனியலைப் பற்றிச் சொல்லத்தான் எழுதுகிறேன். உன் மகனைப் பற்றி உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்ல?

ஏசி மெக்கானிக் வேலைக்கு அவன் மஸ்கட் கிளம்பியபோது டிக்கெட்டை வைத்துக்கொண்டு நீ கணக்குப் போட்டாய். பெங்களூரிலிருந்து போக ஒன்றரை மணி நேரம், திரும்பி வர நாலரை. "ஏன்க்கா, வர்றதுக்கு மட்டும் இவ்ளோ ஜாஸ்தி?" என்றாய். இரண்டு பக்கமும் மூன்று மணி நேரம்தான், அந்த ஊர்க் கடிகாரம் ஒன்றரை மணி பின்னால் இருக்கிறது என்றேன். உனக்கு ஒப்பவில்லை. சிவாஜிநகர் பஸ்ஸை உதாரணம் காட்டினேன். ஏறும்போது உன் கடிகாரத்தைப் பார், இறங்கும்போது பின்தங்கிய கண்டக்டர் கடிகாரத்தைப் பார். பயணம் குறைந்த மாதிரி தெரியும், குறைந்திருக்காது.

"அதெல்லாம் உன் ஸ்கூல் பசங்களுக்குச் சொல்லு. டிக்கெட்லயே போட்டிருக்கு. வர்றதுதான் தூரம்" என்றாய். நான் சிரித்தேன்.

நீ போன அன்று காலையிலேயே அவனுக்குச் சொல்லிவிட்டேன். "பாஸ்போர்ட் முதலாளிகிட்ட இருக்கு பெரியம்மா. அவர் ஊர்ல இல்ல. அம்மாவை மூடிடாதீங்க, எப்படியாவது வந்துடறேன்" என்றான். ஐஸ் பெட்டி கொண்டுவந்தோம். அன்று முழுக்கக் காத்திருந்தோம். மறுநாளும்.

வேலூரிலிருந்து வந்த நம் சித்தப்பா உன் தலைமாட்டிலேயே உட்கார்ந்திருந்தார். "எண்பது வயசுல நானே பஸ் ஏறி வந்துட்டேன். துரைக்கு ஏரோப்ளேன்ல மூணு மணி நேரம். பெத்தவளைவிட அங்க என்னத்தைக் கிழிக்கறான்?"

"பாஸ்போர்ட் அவன் கையில இல்ல சித்தப்பா."

"அவன் பாஸ்போர்ட் அவன்கிட்ட இல்லாமயா? யாருக்குக் காது குத்தறே?"

இதை விளக்க என்னிடம் உதாரணம் எதுவும் இல்லை.

இரண்டாம் நாள் மாலை போதகர் என்னைத் தனியே கூப்பிட்டு, "டீச்சர், இதுக்கு மேல தாங்காது" என்றார். டேனியலுக்குச் சொன்னேன். "போனை அம்மா காதுகிட்ட வைங்க" என்றான். வைத்தேன். என்ன சொன்னான் என்று நான் கேட்கவில்லை. நீ கேட்டாயா, எஸ்தர்?

பெட்டியை மூடச் சொன்னது நான்தான்.

அடுத்த வாரமே பாஸ்போர்ட் அவன் கைக்கு வந்துவிட்டது. லீவும் கொடுத்தார்களாம். அவன் வரவில்லை. "அப்பாவும் இல்ல, அம்மாவும் இல்ல. இனிமே யாரைப் பார்க்க வரணும் பெரியம்மா?" என்றான். அதற்கப்புறம் போன் எடுப்பதே குறைந்துவிட்டது. சித்தப்பா சொன்னதைத்தான் இங்கே தெருவே சொல்கிறது. அது அவன் காதுக்கும் போயிருக்கிறது. அங்கேயே கிடந்துவிடுவானோ என்று பயமாக இருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை எடுத்தான்.

"சாப்ட்டியாடா?"

"ம்."

"எப்ப வர்றே?"

வைத்துவிட்டான்.

வரும் ஞாயிறும் கேட்பேன். எரிந்து விழட்டும், எடுக்காமல் போகட்டும், மூச்சு இருக்கும்வரை கேட்பேன். அவன் வருகிற அன்று ஏர்போர்ட் வாசலில் நான் நிற்பேன். நீ நிம்மதியாகத் தூங்கு என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. ஆனால் எப்போது வருகிறாய் என்று அவனைக் கேட்க இங்கே ஓர் ஆள் இருக்கிறது.

உன் பிள்ளைக்கு மிச்சமிருக்கும் பெரியம்மா,
உன் அக்கா