கொண்டல் வரும் ஜன்னல்

பனிமய மாதா துணை

அக்டோபர் 11, சனிக்கிழமை

அன்புள்ள ஜாய் அப்பாவுக்கு,

இப்படி ஆரம்பித்ததற்குக் கோபப்படாதீர்கள். பிள்ளையை அடக்கம் பண்ணியதிலிருந்து மூன்று வருடமாக உங்களை ‘ஏங்க’, ‘இங்க பாருங்க’ என்றே கூப்பிட்டு எனக்கு அலுத்துப்போயிற்று. அவள் போய்விட்டாள் என்பதற்காக நீங்கள் அவளுக்கு அப்பா இல்லை என்று ஆகிவிடுமா? அதனால் பழையபடியே எழுதுகிறேன்.

மாமிக்கு முழங்கால் வீக்கம் வற்றியிருக்கிறது. காலைப் பூசைக்குத் தானே நடந்து போகிறார்கள். நான் சுகம் என்று எழுதினால் அது பொய். நோய் ஒன்றும் இல்லை, களைப்புதான். வார்டில் இரண்டு பேர் பார்க்க வேண்டிய வேலையை நான் ஒருத்தி பார்க்கிறேன். வீட்டுக்கு வந்தால் குசினி அடுப்படியில் நின்றுகொண்டே சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிடுகிறேன்.

எதிர்வீட்டு ரீனாவின் வீட்டுக்காரர் ஆன்டனி அண்ணன் உங்கள் கப்பலில் சமையல் வேலைக்கு வருகிறார். கொழும்பில் ஏறுகிறாராம். அவர் கையில்தான் இதைக் கொடுத்துவிடுகிறேன். போனில் சொல்லக்கூடாதா என்பீர்கள். போனில் நீங்கள் பேசுவது ‘ம்’, ‘சரி’, ‘சிக்னல் இல்ல, வச்சிருதேன்’, அவ்வளவுதானே. காகிதத்தைப் பாதியில் வைத்துவிட முடியாது. கூடவே மக்ரூனும், மாமி காயவைத்த நெத்திலியும் வருகிறது. ஆன்டனி அண்ணனுக்கும் கொடுத்துச் சாப்பிடுங்கள்.

இன்னொன்றும் அவர் மூலமாகத்தான் தெரிந்தது. உங்கள் கான்ட்ராக்ட் இந்த மாதக் கடைசியில் முடிகிறதாம். நீங்கள் இறங்காமல் இன்னும் ஆறு மாதம் நீட்டித் தரச் சொல்லிக் கேட்டிருக்கிறீர்களாம். ஏஜென்ட் ஆபீசில் பேசிக்கொண்டார்கள். ரீனா என்னிடம், ‘ஏளா, ஒனக்குத் தெரியாதா?’ என்று கேட்டாள். தெரியுமே என்று சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டேன். இதைப் பற்றிக் கடைசியில் எழுதுகிறேன். அதற்கு முன் ஆஸ்பத்திரிச் சங்கதியைச் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமல் இது விளங்காது.

எங்கள் பிரசவ வார்டு உங்களுக்குத் தெரிந்ததுதான், ஜாய் பிறந்த இடம். அங்கே கிழக்குச் சுவரில் ஆறு ஜன்னலையும் செங்கல் வைத்து அடைத்திருப்பார்கள். மதிலுக்கு அந்தப் பக்கம் நம்முடைய கல்லறைத் தோட்டம். பெற்றவள் கண் விழித்ததும் சிலுவைகளைப் பார்க்கக் கூடாது என்று ஏதோ ஒரு டாக்டர் காலத்தில் அடைத்தது. பதிலுக்கு ஏசி வைத்தார்கள். உப்புக் காற்றில் அதன் வெளிப்பெட்டி துருப்பிடித்து விழ, வேறு மாற்ற, அதுவும் விழ, இதுவே பிழைப்பு. கரண்டு பில் மட்டும் தவறாமல் ஏறும்.

ஏப்ரலில் சண்முகசுந்தரி என்று ஓர் இன்ஜினியர் வந்தாள். ஓட்டப்பிடாரத்துப் பெண். அரசாங்கக் கட்டிடங்களில் வெக்கையையும் கரண்டு செலவையும் குறைக்கிற திட்டத்தில் எங்கள் ஆஸ்பத்திரியும் வந்திருக்கிறதாம். கையில் துப்பாக்கி மாதிரி ஒரு கருவி. சுவரையும் கூரையையும் பார்த்து அமுக்கினால் எத்தனை டிகிரி என்று காட்டும். எங்கள் வார்டுக் கூரையை அளந்துவிட்டு, ‘சிஸ்டர், இதுக்குக் கீழ எப்படி நிக்கீங்க?’ என்று கேட்டாள். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து இந்தக் கேள்வியை என்னிடம் யாரும் கேட்டதில்லை. அந்த ஒரு கேள்விக்காகவே எனக்கு அவளைப் பிடித்துப்போயிற்று.

அதுவும் அன்று சாயங்காலம் வரைக்கும்தான். மொட்டைமாடிக்கு வெயிலைத் திருப்பி அனுப்புகிற வெள்ளைப் பெயிண்ட், மேலே சோலார் பேனல், கரண்டு கம்மியாகத் தின்கிற ஃபேன் என்று சொல்லிக்கொண்டே வந்தவள், கிழக்குச் சுவரைத் தட்டிப் பார்த்தாள். ‘இந்த ஆறையும் திறந்திருவோம் சிஸ்டர். கடல்லேர்ந்து கொண்டல் காத்து நேரா உள்ள வரும், ஏசியே வேண்டாம்’ என்றாள். வார்டுப் பொறுப்பு சிஸ்டர் சம்மதித்தால் திறக்கட்டும் என்று பெரிய டாக்டர் என் தலையில் கட்டிவிட்டுப் போய்விட்டார்.

நான் முடியாது என்றேன். கொசு வரும் என்றேன், வலை அடிக்கலாம் என்றாள். காக்கா வரும், மறைப்பு இருக்காது, உப்புப் படியும் என்று அடுக்கினேன். அவள் எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தாள். நிஜமான காரணத்தை நான் சொல்லவே இல்லை. அந்த மூன்றாவது ஜன்னலைத் திறந்தால் என் மேசையிலிருந்தே ஜாயின் சிலுவை தெரியும். நாள் முழுக்க அதைப் பார்த்துக்கொண்டு அடுத்தவள் பிள்ளையைக் குளிப்பாட்டித் துடைத்துக் கொடுக்க எனக்கு முடியாது. ஞாயிற்றுக்கிழமை போய் அழுதுவிட்டு வருவேன், மற்ற நாளெல்லாம் அங்கே சுவர் இருக்கட்டும் என்றுதான் நினைத்தேன்.

மே மாதம் ஒரு மத்தியானம் கரண்டு போயிற்று. ஜெனரேட்டர் ஆபரேஷன் அறைக்கு மட்டும்தான். ஏரல் பக்கத்துப் பெண் பிரேமா, ஆபரேஷன் ஆகிப் படுத்திருந்தாள். அவள் பிள்ளையைத் தூக்கினேன், உடம்பு கொதித்தது. நோய் இல்லை, வெக்கைதான் என்றார் டாக்டர். சுற்றியிருந்த துணியை அவிழ்த்து, வராந்தாவுக்குத் தூக்கிக்கொண்டு போய், கேஸ் ஷீட் அட்டையால் விசிறினேன். அந்தச் சூடு எனக்குத் தெரிந்த சூடு. ஜாயைத் தோளில் போட்டுக்கொண்டு ஆட்டோவில் ஓடினேனே, அன்றைக்கு என் கழுத்தில் பட்ட அதே சூடு. நீங்கள் அப்போது நடுக்கடலில். குறை சொல்லவில்லை, கப்பல்காரர் கடலில்தான் இருப்பார். பிள்ளைக்குச் சூடு இறங்கி அது பால் குடிக்கிற வரைக்கும் நான் விசிறிக்கொண்டே இருந்தேன். அப்புறம் சண்முகசுந்தரிக்குப் போன் போட்டு, ஆறையும் திறந்துவிடு என்று சொன்னேன்.

அதிசயமாக அந்த வாரமே கான்ட்ராக்டர் மந்திரமூர்த்தி அண்ணாச்சி ஆள் கூட்டி வந்து செங்கலை உடைத்தார். பிரேமாவின் மாமியார் பேச்சித்தாய் ஓடி வந்து, ‘பச்ச ஒடம்புக்காரி கண்ணு முன்னால கல்லறையத் திறந்து வைக்கீங்களே, இது அடுக்குமா?’ என்று சத்தம் போட்டாள். அவளைத் தப்புச் சொல்ல முடியாது. நானே அதைத்தானே வேறு மாதிரி சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் கையைப் பிடித்து ஜன்னலுக்குக் கூட்டிப்போய், ‘அங்கன சின்னதா ஒண்ணு தெரியுதா? அது என் பிள்ள. அவ யாரையும் ஒண்ணும் செய்ய மாட்டா’ என்றேன். வெளியாள் ஒருத்தியிடம் நான் வாய்விட்டு இதைச் சொன்னது அன்றைக்குத்தான். மறுநாள் பார்த்தால் மருமகள் கட்டிலைப் பேச்சித்தாயே ஜன்னல் ஓரமாக இழுத்துப் போட்டிருக்கிறாள். கேட்டதற்கு, ‘காத்து வருதுல்லா’ என்றாள்.

காற்று நிஜமாகவே வருகிறது. மத்தியானம் தாண்டியதும் கொண்டல் உள்ளே நுழைந்து கொசுவலை, சேலை, கேஸ் தாள் எல்லாவற்றையும் ஆட்டிவிடும். முதல் வாரம் நான் நாற்காலியைத் திருப்பிப் போட்டு முதுகைக் காட்டித்தான் உட்கார்ந்தேன். பிறகு அதற்கும் தெம்பில்லாமல் நேராகவே உட்கார்ந்துவிட்டேன். ஒரு நாள் பார்த்தேன், மறுநாளும் பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை. காலையில் வந்ததும் ஒரு தடவை பார்ப்பேன், சாயங்காலம் கிளம்பும்போது போய்ட்டு வாரேன் என்று சொல்லிவிட்டு வருவேன், பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வருகிற மாதிரி.

எல்லாமே நன்றாக நடந்தது என்று நினைக்காதீர்கள். மருந்து அறையில் ஆள் அசைந்தால் எரிகிற விளக்கு போட்டிருக்கிறார்கள். உட்கார்ந்து எழுதிக்கொண்டே இருந்தால் ஆள் இல்லை என்று அணைந்துவிடும், கையைத் தூக்கி ஆட்ட வேண்டும். சில நாள் ஆட்டவும் அலுப்பாக இருக்கும், அப்படியே இருட்டில் உட்கார்ந்துவிடுவேன். சோலார் பேனலில் உப்புப் படிந்தால் கரண்டு குறையும், வாராவாரம் கழுவணும் என்கிறாள் சண்முகசுந்தரி. கழுவ ஆள் போடவில்லை. வாட்ச்மேன் முப்பிடாதி, ‘நான் கேட்டப் பாக்கவா, கூரையக் குளிப்பாட்டவா?’ என்று தினமும் என்னிடம் சண்டைக்கு வருகிறார். கடைசியில் அவர்தான் கழுவுகிறார்.

இப்போது நான் சொல்ல வந்த விஷயம். போன மாதம் மொட்டைமாடிக்கு அந்த வெள்ளைப் பெயிண்ட் அடித்து முடித்தார்கள். உச்சி வெயிலில் செருப்பில்லாமல் நிற்கலாம், கால் சுடாது. திறந்த பெயிண்ட் வாளிகள் நிறைய மிஞ்சிவிட்டன, இனி கட்டியாகத்தான் போகும், வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளுங்கள் என்று மந்திரமூர்த்தி அண்ணாச்சி சொன்னார். எங்கள் ஆயா ஞானபாய் ஒரு வாளியைத் தூக்கிக்கொண்டு போனாள். வீட்டுக்கு என்று நினைத்தேன். அவள் நேரே கல்லறைத் தோட்டத்துக்குப் போய்ப் புருஷன் கல்லறைக்கு அடித்துவிட்டாள். கல்லறைத் திருநாள் வருகிறதே, எப்படியும் வெள்ளையடிக்க வேண்டும், இது நல்ல பெயிண்டாச்சே என்றாள். அவளைப் பார்த்து ஊரே வாளியோடு வந்துவிட்டது. இரண்டே நாளில் எங்கள் மதிலை ஒட்டின கல்லறை எல்லாம் ஆஸ்பத்திரிப் பெயிண்ட்.

வெயில் மேற்கே சாய்ந்ததும் அத்தனையும் பளீரென்று வார்டுக்குள் அடிக்கிறது. பிள்ளைகள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு அழுகின்றன. சண்முகசுந்தரி வந்து தலையில் கை வைத்துக்கொண்டாள். ஜன்னலுக்குப் பாதி உயரத்தில் சேலைத் துணி கட்டிச் சமாளித்தோம். இருந்தாலும் பகலில் டியூப்லைட் போட வேண்டியதே இல்லாமல் போயிற்று. ‘செத்தவங்க நமக்குக் கரண்டு மிச்சம் பண்ணித் தாராங்க சிஸ்டர்’ என்று ஞானபாய் சொன்னதும், சண்முகசுந்தரி சிரித்தாள், நானும் சிரித்துவிட்டேன். வார்டில் நான் சிரித்து யாரும் பார்த்ததில்லை போலிருக்கிறது, எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

ஜாய்க்கும் அடித்தேன். ஞானபாய் அடித்துத் தருகிறேன் என்றாள், வேண்டாம் என்று நானே அடித்தேன். பெயர் எழுத்தில் படாமல் ஓரம் விட்டு அடிக்கத்தான் நேரமாயிற்று. காய்ந்த மறுநாள், மத்தியானச் சாப்பாட்டு வேளையில் போனேன். மூன்று வருடமாக அந்த நேரத்தில் கல்லைத் தொட்டால் கை சுட்டுவிடும். பிள்ளை காய்ச்சலில்தானே போனாள், இன்னும் இறங்கவில்லையே என்று எனக்குத் தோன்றும். நான் நர்ஸ், எனக்குத் தெரியாதா, கல் வெயிலில் சுடத்தான் செய்யும். ஆனாலும் தோன்றும். உங்களிடம் இதை நான் சொன்னதில்லை. அன்றைக்குக் கையை வைத்தேன். சூடு இல்லை. உள்ளங்கையை முழுசாக வைத்து, கன்னத்தையும் வைத்துப் பார்த்தேன். சூடே இல்லை. எவ்வளவு நேரம் அழுதேன் என்று தெரியாது, ஞானபாய் வந்து எழுப்பிக் கூட்டிப்போனாள்.

அடக்கத்தை நீங்கள் போனில்தான் பார்த்தீர்கள். போன லீவில் வந்தபோது பஸ் ஸ்டாண்டுக்குப் போகக்கூடக் கல்லறைத் தோட்டத் தெருவை விட்டுச் சுற்றிக்கொண்டு போனீர்கள். ஒரு வார்த்தை நான் கேட்கவில்லை. லீவு முடியுமுன்பே அடுத்த கப்பல் என்று கிளம்பினீர்கள், பெட்டியை நான்தான் அடுக்கினேன். சுவரை வைத்துக்கொண்டு நானும்தான் மூன்று வருடம் இருந்தேன், அதனால் உங்களை எனக்கு விளங்கும். உங்களுக்குச் சுவர் கடல். ஆனால் எனக்கு இனி ஒருத்தியாக முடியவில்லை. கோபத்தில் எழுதவில்லை, களைத்துப் போய் எழுதுகிறேன்.

கல்லறைத் திருநாள் நவம்பர் இரண்டாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை வருகிறது. சாமியார் வந்து கல்லறைகளை மந்திரிப்பது சாயங்காலம். ஒவ்வொரு வருடமும் அவளுக்கு இரண்டு மெழுகுவத்தி கொளுத்துவேன், ஒன்று எனக்காக, ஒன்று உங்களுக்காக. இந்த வருடமும் இரண்டு வாங்கி வைத்திருக்கிறேன். உங்களுடையதை நான் கொளுத்தப் போவதில்லை. அது அப்படியே இருக்கும்.

கொழும்பிலேயே இறங்கிவிடுங்கள். பயப்படாமல் வாருங்கள். கையை வைத்துப் பாருங்கள், பிள்ளைக்கு இப்போது சூடு இல்லை.

மாதா உங்களைக் கரை சேர்க்கட்டும்.

ஜாய் அம்மா,
எமில்டா