அப்பாவின் காலுக்குச் சேதி போகவில்லை

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் சௌக்கியமாக இருக்க வேண்டும். இங்கே நான் சௌக்கியம், அப்பாவை எதில் சேர்ப்பது என்றுதான் தெரியவில்லை. போனில் சொல்லலாம் என்றால் ஸ்பீக்கரைப் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறார், அதனால்தான் எழுதுகிறேன்.

சர்க்கரையால் அவருக்குப் பாதம் மரத்துப் போகிறது கண்ணு. வயர்மேன் அல்லவா, கரண்ட் சரியாகப் போகவில்லை, சூடு காட்டினால் ஓடும் என்று அவரே முடிவு கட்டி, வாளி வெந்நீரில் காலை விட்டார். என்ன தண்ணி இது, ஆறிப்போச்சே என்று எனக்குத் திட்டு வேறு. நான் விரலை விட்டுப் பார்த்தேன், வெடுக்கென்று கை தானாக வெளியே வந்துவிட்டது. அவர் காலை எடுத்தால் உள்ளங்கால் முழுக்கக் கொப்புளம். உடனே டாக்டரம்மாவிடம் கூட்டிப்போய்க் கட்டுப் போட்டு வந்தேன்.

டாக்டரம்மா சொன்னது பாதி புரிந்தது, பாதி புரியவில்லை. மேலே மூளை, முதுகெலும்புக்குள் தண்டுவடம், அங்கிருந்து உடம்பெல்லாம் நரம்பு. நான் கையை எடுத்தது மூளை சொல்லி இல்லையாம், தண்டுவடமே உத்தரவு போட்டுவிட்டதாம், மூளைக்குச் சேதி அப்புறம்தான் போனதாம். அப்பா விடுவாரா, மெயின் போர்டைக் கேக்காம எந்த சுவிட்ச் வேலை செய்யும் என்று மல்லுக்கு நின்றார். நரம்புச் செல்லுக்குள் சேதி கரண்ட் மாதிரி ஓடுமாம், ஆனால் ஒரு செல்லுக்கும் அடுத்ததற்கும் நடுவே சின்ன இடைவெளியாம், அங்கே ஏதோ ரசாயனம் கசிந்துதான் சேதியைக் கைமாற்றுமாம். ஜாயின்ட்டே போடாம எந்த லைன் எரியும் என்று அதற்கும் சண்டை. இடுப்பிலிருந்து கால் கட்டைவிரல் வரை ஒரே செல்லின் வால் நீளுமாம், நீளமானதைத்தான் சர்க்கரை முதலில் கெடுக்குமாம். கண்ணுக்கே தெரியாத செல்லுக்கு அவ்வளவு நீள வாலா, எனக்குத் தலை சுற்றியது. போன நரம்பு திரும்புமா என்று கேட்டேன். இருக்கறதக் காப்பாத்துங்க, ஏணி ஏறவே கூடாது என்றார்.

இந்தக் காலை வைத்துக்கொண்டு, வேலைக்குப் போவேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறார் உன் அப்பா. படியில் கால் பதிந்ததா இல்லையா என்று தெரியாத மனுஷன் ஏணி ஏறினால் என்ன ஆகும்?

டாக்டரம்மா சொன்னபடி இன்று காலை அவரைக் கண்ணை மூடச் சொல்லி, கட்டுக்கு வெளியே இருக்கும் விரல்களைப் பஞ்சால் தொட்டுப் பார்க்க உட்கார்ந்தேன். தெரியுது தெரியுது, கட்டைவிரல்லதானே, பாத்தியா, நாளைக்கே ஏணி ஏறுறேன் என்று சிரித்தார். நான் டப்பாவிலிருந்து பஞ்சையே இன்னும் எடுக்கவில்லை. பொய் சொல்கிறாரா, நிஜமாகவே அவருக்கு அப்படித் தோன்றுகிறதா, ஒன்றும் புரியவில்லை. ஆமாங்க என்று சொல்லிவிட்டேன். வேறென்ன சொல்வேன்.

இது கிடைத்ததும் போன் பண்ணு, பஞ்சு விஷயத்தை வாய் தவறியும் சொல்லிவிடாதே, ஏணியை மட்டும் விடச் சொல். நீ சொன்னால் கேட்பார். நீங்கள் இருவரும் நோய்நொடியில்லாமல் நல்லா இருங்கள்.

அவர் கண்ணைத் திறப்பதற்குள் பஞ்சை எடுத்துக் கையில் வைத்துக்கொண்ட
உன் அம்மா